கேம் ஆடுற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை

1/
கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. படிச்சா சில பெற்றோருக்குக் கோபம் வரும், சக மருத்துவர்கள் சிலருக்கும் வரும். பரவாயில்லை. கேம் ஆடுற பிள்ளைகளை எல்லாம் "அடிக்ட்" என்று முத்திரை குத்துவதை நிறுத்தணும். குறிப்பா, நண்பர்களோட க்ளான் வெச்சு ஆடுறவங்களையும், சொந்தமா மேப் செய்யுறவங்களையும். ஏன்னு சொல்றேன்.

2/
"கேம் என்பது டிஜிட்டல் ஹெராயின்." டிவி விவாதத்துல வெள்ளைக் கோட்டு போட்டவங்களே இதைச் சொல்றாங்க. ஹெராயின் விட்டவங்களைப் பார்த்திருக்கீங்களா? கண்ணுலயும் மூக்குலயும் நீர் ஊத்தும், உடம்பு முழுக்கப் புல்லரிக்கும், வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்புக்குள்ள வலி. போனைப் பிடுங்கினா உங்க பையன் கத்துறான். சூப்பர் ஓவர் நடக்கும்போது டிவியை அணைச்சா நீங்களும்தான் கத்துவீங்க. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறது மருத்துவம் இல்லை, பயமுறுத்தல்.

3/
சரி, மருத்துவப் புத்தகம் என்ன சொல்லுது? உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கு. அதுல "கேமிங் டிஸார்டர்" என்ற நோய் உண்டு, இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா அதுக்கு மூணு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, எப்போ ஆடுறது, எப்போ நிறுத்துறது என்ற கட்டுப்பாடு கையை விட்டுப் போயிருக்கணும். ரெண்டு, மத்த எல்லாத்தையும் தள்ளிட்டு கேம் மட்டுமே முன்னால வந்திருக்கணும். மூணு, கெடுதல் நடந்தும் தொடர்ந்து ஆடணும்.

4/
அதோட முடியலை. இதனால படிப்பு, வேலை, குடும்பம், பழக்கவழக்கம் கணிசமா பாதிக்கப்பட்டிருக்கணும். பொதுவா 12 மாசமாவது இது தெரியணும். (ரொம்பத் தீவிரமா இருந்தா அதுக்கு முன்னாடியே கண்டறியலாம்.) ஆடுறவங்கள்ல சின்னப் பகுதியினருக்குத்தான் இது வரும்னு அந்த நிறுவனமே சொல்லுது. கவனிங்க: "ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் ஆடினா நோய்" என்று எங்கேயும் எழுதலை. மணிக்கணக்கை மட்டும் வெச்சு நோய்ப் பெயர் வைக்க முடியாது.

5/
நிஜமாவே நோய் இருக்கிற பிள்ளையைப் பார்த்தா உங்களுக்கே தெரியும். குளிக்காது, சாப்பாட்டு நேரம் போயிடும், பகல்ல தூக்கம், இரவுல முழிப்பு, பள்ளிக்கூடம் நின்னுடும், பழைய நண்பன் வந்தாலும் கதவு திறக்காது. ஆடும்போது கூட சந்தோஷம் இருக்காது. அதுக்கு சிகிச்சை இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல 2014 முதல் இதுக்குன்னே 'ஷட்' என்ற தனி கிளினிக் நடக்குது. அந்த இடத்துல இருக்க வேண்டிய பிள்ளைக்கு நாம காட்டுற கவனம் எங்கே போகுது தெரியுமா? சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி நேரம் ஆடுற பையனைத் திட்டுறதுல போகுது.

6/
அடுத்த குழப்பம் இன்னும் பெரிசு. ரம்மியையும் கேமையும் ஒரே சாக்குல போடுறோம். ஐசிடி-11ல சூதாட்டக் கோளாறு 6சி50. கேமிங் கோளாறு 6சி51. பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் வேற வேற. ஆன்லைன் ரம்மியால எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சுன்னு தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நீதிபதி சந்துரு குழு 2022ல் அறிக்கை கொடுத்தது அதுக்குத்தான். நம்ம சட்டம் 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்ததும் அதுக்குத்தான்.

7/
2025 ஆகஸ்ட்ல ஒன்றிய அரசு கொண்டு வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டமே மூணா பிரிக்குது: இ-ஸ்போர்ட்ஸ், சமூக விளையாட்டுகள், பணம் வெச்சு ஆடுற விளையாட்டுகள். மூணாவதுக்குத் தடை. முதல் ரெண்டுக்கும் ஊக்கம். நாடாளுமன்றத்துக்குப் புரிஞ்ச வித்தியாசம் நம்ம வீட்டு ஹாலுக்குப் புரிய மாட்டேங்குது. ஐயாயிரம் ரூபாயை ரம்மியில விட்ட அப்பா, காசே இல்லாம கேம் ஆடுற மகனைப் பார்த்து "நீ கெட்டுப் போயிட்ட"ன்னு சொல்ற வீடுகள் இருக்கு.

8/
இப்போ க்ளானுக்கு வரேன். தெரியாதவங்களுக்கு: க்ளான் என்பது ஒரு கேமைச் சேர்ந்து ஆடுற நிரந்தரக் குழு. நம்ம தெரு கிரிக்கெட் டீம் மாதிரி. பெயர் இருக்கும், கேப்டன் இருப்பார், வாரத்துல குறிப்பிட்ட நாள்ல பயிற்சி இருக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்ல ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருத்தர் திட்டம் சொல்வார், ஒருத்தர் முதல்ல நுழைவார், ஒருத்தர் பின்னால காவல். எதிரி எங்கேன்னு ரெண்டே வார்த்தையில சொல்லணும். நாலு வார்த்தை சொன்னா அதுக்குள்ள செத்திருப்போம்.

9/
ஐசியூவுல ஒரு நோயாளிக்கு இதயம் நின்னுட்டா நாங்க செய்யறதும் இதேதான். ஒருத்தர் தலைமை, ஒருத்தர் நெஞ்சு அழுத்தம், ஒருத்தர் மூச்சுக்குழாய், ஒருத்தர் மருந்து. சுருக்கமா பேசணும், கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். இதை எங்களுக்குத் தனியா வகுப்பு வெச்சுச் சொல்லித் தர்றாங்க. பதினஞ்சு வயசுப் பிள்ளை ஹெட்செட் மாட்டிட்டு இதைத் தானா பழகுது. கேம் ஆடினா டாக்டர் ஆயிடலாம்னு சொல்லலை. ஆனா அங்கே நடக்கிறது வெறும் பட்டன் தட்டல் இல்லைன்னு பாருங்க.

10/
நானும் ஒரு க்ளான்ல இருக்கேன், மறைக்க ஒண்ணுமில்லை. டியூட்டி இல்லாத ஞாயிறு ராத்திரி ஆடுவோம். ஒருத்தர் துபாய்ல ஏசி மெக்கானிக், ஒருத்தர் திருப்பூர்ல பனியன் கம்பெனி கணக்கர், ஒரு தங்கச்சி நர்சிங் படிக்குது, ஒரு அண்ணன் ஊர்ல மளிகைக்கடை. சாதி, சம்பளம், பட்டம் எதுவும் அங்கே செல்லாது. என்னை யாரும் டாக்டர்னு கூப்பிடுறதில்லை. "யோவ், ஸ்மோக் போடுய்யா, தூங்கிட்டியா?"ன்னுதான் கேட்பாங்க. இந்த நாட்டுல இப்படிப் பல தரப்பு ஆட்கள் சரிசமமா உட்கார்ந்து பேசற இடம் எத்தனை இருக்கு, சொல்லுங்க.

11/
"திரைக்குள்ள இருக்கிறவன் எல்லாம் நிஜ நண்பனா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு உண்மைக் கதை. நார்வே நாட்டு மேட்ஸ் ஸ்டீன். பிறந்தது 1989ல். டுஷேன் தசைச் சிதைவு நோய். சின்ன வயசுலேயே நடை போயிடும், பிறகு கை, கடைசியில மூச்சுத் தசையும் இதயமும். பெத்தவங்க கண்ணுக்கு அவர் அறைக்குள்ள அடைஞ்சு 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடுற தனிமையான பிள்ளை. 2014ல், 25 வயசுல இறந்துட்டார். அவரோட வலைப்பதிவுல அப்பா மரணச் செய்தி போட்டார்.

12/
அதுக்கப்புறம் மெயில் மேல மெயில் வந்துச்சு. முன்பின் தெரியாத ஆட்கள், பல நாடுகள்லேர்ந்து. "உங்க மகன் என் துக்கத்தைக் கேட்டான்", "என் பிள்ளையோட பேச எனக்கு வழி சொன்னான்." அவரோட கில்டு 'ஸ்டார்லைட்'. அதுலேர்ந்து சிலர் நாடு தாண்டி இறுதிச் சடங்குக்கே வந்தாங்க. மகனுக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருந்துச்சுன்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்சது அவன் போன பிறகு. 2024ல் இது ஆவணப்படமா வந்துச்சு: 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்'. இபெலின் என்பது கேம்ல அவர் பெயர். வீட்டோட உட்கார்ந்து பாருங்க.

13/
அதுல ஒரு விஷயம் நமக்கானது. நெதர்லாந்துல அவரோட தோழி ஒருத்தி, பள்ளி மாணவி. மார்க் குறையுதுன்னு பெத்தவங்க கம்ப்யூட்டரைப் பிடுங்கிட்டாங்க. நண்பர்கள் மொத்தமும் போயிட்டாங்க, பொண்ணு உடைஞ்சு போச்சு. மேட்ஸ் அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதினார், அவளுக்கு இது ஏன் முக்கியம்னு. நாம ராத்திரியோட ராத்திரியா மோடம் வயரைப் புடுங்குறோமே, அந்தப் பக்கம் யார் காத்திருக்காங்கன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா?

14/
"எங்க காலத்துல வெளியில போய் விளையாடினோம்." சரி. அந்த கிரவுண்ட் இப்போ எங்கே? பாதி அபார்ட்மென்ட், மீதி கார் பார்க்கிங். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்குவார். சாயங்காலம் டியூஷன். வயசுக்கு வந்த பொண்ணு ஆறு மணிக்கு மேல தெருவுல நிக்கவே கூடாது. வெளியில இடத்தை மூடினது பிள்ளைங்க இல்லை, நாம. உள்ளே ஒரு மைதானத்தைக் கண்டுபிடிச்சுச் சேர்ந்து ஆடினா, அதுக்கும் நோய்ப் பெயர் வைக்கிறோம்.

15/
அடுத்தது மேப். இதுதான் யாரும் பேசாத பகுதி. கேம் நடக்கிற களம்தான் மேப்: தெரு, சுவர், மாடி, சந்து. கேம் கம்பெனிதான் செய்யணும்னு இல்லை, ஆடுறவங்களே செய்யலாம். கவுன்டர் ஸ்ட்ரைக் 1999ல் ஹாஃப்-லைஃப் கேம்மேல ரசிகர்கள் கட்டின மாட். அதோட புகழ்பெற்ற 'டஸ்ட்' மேப்பைச் செஞ்சது டேவ் ஜான்ஸ்டன் என்ற டீனேஜ் பிரிட்டிஷ் பையன். அவரே 2001ல் 'டஸ்ட் 2' கொண்டு வந்தார். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்ல எத்தனை பேர் காலேஜைக் கட் அடிச்சுட்டு அந்த மணல் நிறச் சந்துகள்ல ஓடியிருப்பாங்க! இன்னைக்கும் உலகம் ஆடுது.

16/
2002ல் வந்த வார்கிராஃப்ட் 3 கேமோட ஒரு மேப் எடிட்டரும் வந்துச்சு. அதுல ரசிகர் ஒருத்தர் செஞ்ச மேப்தான் டோட்டா. பிறகு ஒவ்வொருத்தரா கை மாத்தி வளர்த்தாங்க. 2011ல் டோட்டா 2 உலகப் போட்டியில முதல் பரிசு 10 லட்சம் டாலர். நீங்க பெயர் கேட்டாலே பதறுற பப்ஜி இருக்கே, அதைச் செஞ்ச பிரெண்டன் கிரீனும் மாட் செய்யறவரா ஆரம்பிச்சவர்தான். "கேம்ல உட்கார்ந்து என்னத்தைக் கிழிச்ச?"ன்னு கேட்கிறோம். இவங்க ஒரு தொழிலோட பாதியையே கட்டியிருக்காங்க.

17/
மேப் எப்படிச் செய்யறாங்கன்னு சொல்றேன், பொறுமையா படிங்க. முதல்ல காகிதத்துல வரைபடம். ரெண்டு அணியும் கிளம்புற இடம், நடுவுல மோதுற இடம். ஒரு அணி 10 நொடியில வந்து, இன்னொண்ணு 14 நொடியில வந்தா ஆட்டமே ஒருதலையாயிடும். அதனால ஸ்டாப்வாட்ச் வெச்சு ஓடிப் பார்த்து, சுவரைத் தள்ளி வைக்கணும். பிறகு அலங்காரமே இல்லாம வெறும் சாம்பல் பெட்டிகளா முழு மேப்பையும் கட்டணும். அழகு கடைசியில. பல பேர் முதல்லயே டைல்ஸ் ஒட்டி மாட்டிக்குவாங்க, வீடு கட்டுறவங்களுக்குத் தெரியும்.

18/
அப்புறம் கம்பைல். பழைய ஹேமர் எடிட்டர்ல உலகம் முழுக்க மூடியிருக்கணும். எங்கேயாவது ஒரு ஊசி இடைவெளி இருந்தா "லீக்"னு சொல்லி ஒளியே கணக்கிடாது. அந்த ஓட்டையைத் தேடி ராத்திரி ரெண்டு மணி வரை உட்காரணும். குடல் தையல்ல ஒரு இடம் விட்டுப் போனா நாங்க படுற பாடு அது! முப்பரிமாண வடிவியல், ஒளி, கணினியோட வரம்பு எல்லாம் இதுல வருது. கணக்குல 40 மார்க் வாங்குற பையன், ஒரு சரிவுப் பாதை எத்தனை டிகிரி இருந்தா ஏற முடியும்னு மனப்பாடமா சொல்வான். ஏன்னா அங்கே அவனுக்கு அது தேவைப்படுது.

19/
முக்கியமான பாடம் அதுக்கு அப்புறம். மூணு வாரம் கட்டினதை க்ளானுக்கு ஆடக் கொடுக்கணும். பத்தே நிமிஷத்துல ஒருத்தன் "போர்டா"ம்பான். நீங்க அழகா செஞ்ச மாடிக்கு யாருமே வர மாட்டாங்க, எல்லாரும் ஒரு மூலையில பெட்டிக்குப் பின்னாடி ஒளிவாங்க. வாதாடி ஜெயிக்க முடியாது. பார்க்கணும், எழுதிக்கணும், இடிச்சுட்டுத் திரும்பக் கட்டணும். எங்க க்ளான்ல ஒரு பாலிடெக்னிக் தம்பி தன் ஊர் பஸ் ஸ்டாண்டையே மேப்பா செஞ்சான். டீக்கடை, கழிப்பறைச் சந்து, மினி பஸ் நிக்கிற மூலை எல்லாம் உண்டு. எட்டாவது தடவைதான் ஆடுற மாதிரி வந்துச்சு. ஏழு தடவை தோத்துட்டு எட்டாவது உட்கார்ற பொறுமையை எந்த கோச்சிங் சென்டர் கத்துக் கொடுக்குது?

20/
இதையும் பயத்தோட பார்த்தா என்ன ஆகும்? 2007ல் அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல ஒரு மாணவன் தன் பள்ளியையே கவுன்டர் ஸ்ட்ரைக் மேப்பா செஞ்சான். வர்ஜீனியா டெக் துப்பாக்கிச் சூடு நடந்த புதுசு. பையனோட வீட்டைச் சோதனை போட்டாங்க. வழக்கே பதிவாகலை. ஆனாலும் பள்ளியை விட்டு மாத்தினாங்க. அந்த நேரத்துப் பயம் புரியுது. ஆனா பிள்ளைங்க தெரிஞ்ச இடத்தைத்தான் வரைவாங்க. எல்.கே.ஜி. குழந்தை வீட்டை வரையுது, இவன் பள்ளிக்கூடத்தை வரைஞ்சான்.

21/
"சுட்டுச் சுட்டு ஆடினா கொலைகாரன் ஆயிடுவான்." அமெரிக்க உளவியல் சங்கம் 2020ல் தீர்மானமே போட்டுச்சு: வன்முறை கேம்களையும் நிஜ வன்முறைச் செயல்களையும் காரண காரியமா இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை. கத்துறது, தள்ளுறது மாதிரி விஷயங்களோட சின்னத் தொடர்பு இருக்குன்னும் அதுலயே இருக்கு. ரெண்டையும் சொல்றதுதான் நேர்மை. அதே மாதிரி, கேம் ஆடுற அறுவை சிகிச்சை நிபுணர்கள் லேப்ராஸ்கோப்பி பயிற்சியில 37% குறைவா தவறு செஞ்சாங்கன்னு 2007ல் ஒரு ஆய்வு வந்துச்சு. வாட்ஸ்அப்ல சுத்தும். வெறும் 33 பேர், கேமாலதான்னு அது நிரூபிக்கலை. எனக்குச் சாதகம்னு அதை ஊதிப் பெருக்க மாட்டேன்.

22/
அப்போ கெடுதலே இல்லையா? இருக்கு. தூக்கம் கெட்டா எல்லாம் கெடும், அதுல சமரசமே இல்லை. ஹெட்செட்டை முழுச் சத்தத்துல வெச்சா காது போகும், போனது திரும்பாது. வாய்ஸ் சாட்ல பொண்ணு குரல் கேட்டாலே அசிங்கமா பேசுற ஆட்கள் நிறைய. சின்னப் பிள்ளைகளைத் தேடி வர்ற பெரியவங்களும் உண்டு. அப்புறம் 'லூட் பாக்ஸ்': காசு கட்டி, என்ன வரும்னு தெரியாம பெட்டியைத் திறக்கிறது. பெல்ஜியம் 2018லேயே இதைச் சூதாட்டம்னு சொல்லிடுச்சு. உங்க கோபத்தை இங்கே காட்டுங்க. கேம் கம்பெனிகிட்ட காட்டுங்க.

23/
தடை போட்டா சரியாயிடுமா? தென் கொரியா 2011ல் 16 வயசுக்குக் கீழ நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேமுக்குப் பூட்டு போட்டுச்சு. பிள்ளைங்க பெத்தவங்க ஐடியில ஆடினாங்க. பத்து வருஷம் கழிச்சு அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. நேரத்தை வீட்டுல பேசி முடிவு பண்ணுங்கன்னு விட்டுட்டாங்க. அந்தப் பேச்சுக்குத்தான் நம்ம வீட்டுல ஆள் இல்லை.

24/
எப்படிப் பேசறது? முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க: சேர்ந்து ஆடுற மேட்சை நடுவுல நிறுத்த முடியாது, பாஸ் பட்டன் கிடையாது. பாதியில போனா நாலு நண்பர்களைக் கைவிட்டதா அர்த்தம். கவுன்டர் ஸ்ட்ரைக்ல 30 நிமிஷத்துல ஆரம்பிச்சு 7 நாள் வரை ஆடத் தடை விழும். அதனால "இப்பவே ஆஃப் பண்ணு" வேலைக்கு ஆகாது. "இந்த மேட்ச்தான் கடைசி"ன்னு சொல்லுங்க. 10 மணிக்குத் தூங்கணும்னா 9 மணிக்கு மேல புது மேட்ச் கிடையாதுன்னு முன்கூட்டியே பேசி வைங்க. பாதிச் சண்டை அதுலயே குறையும்.

25/
அடுத்து மூணு கேள்வி கேளுங்க, போலீஸ் மாதிரி இல்லாம. "யாரோட ஆடுற?" "உன் டீம்ல உன் வேலை என்ன?" "நீ ஏதாவது கட்டியிருந்தா காட்டு." மூணுக்கும் பிள்ளை முகம் மலர்ந்து பதில் சொன்னா, பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்லை. தெரியாத ஆட்கள், பணம், ரகசியம்னு பதில் போனா கவனிங்க. எதுக்குமே பதில் சொல்ல ஆர்வமில்லாம, ஆடுறதுலயும் சந்தோஷமில்லாம இருந்தா, கேமை விட்டுட்டுப் பிள்ளையைப் பாருங்க. மனச்சோர்வா இருக்கலாம், பள்ளியில யாராவது துன்புறுத்தலாம். அதுலேர்ந்து ஒளியற இடமா கேம் இருக்கலாம். ஒளியற இடத்தை மட்டும் இடிச்சா பிள்ளை எங்கே போகும்?

26/
அதனால போனைச் சுவத்துல அடிச்சு உடைக்காதீங்க. பலர் முன்னாடி அவமானப்படுத்தாதீங்க. "செத்துடுவேன்"னு பிள்ளை சொன்னா நடிப்புன்னு நினைக்காதீங்க, தனியா விடாதீங்க. டெலி-மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். நான் மேல சொன்ன 5-வது பதிவுல இருக்கிற மாதிரி பிள்ளை இருந்தா மனநல மருத்துவரைப் பாருங்க. வெட்கப்பட வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம்.

27/
சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேமராவைப் பார்த்தா "அடிக்ஷன்"னு சொல்றது சுலபம். நாம சொல்ற ஒரு வார்த்தையை வெச்சு ஒரு அப்பா வீட்டுல பெல்ட்டை எடுக்கலாம். நோய்ப் பெயரை நிபந்தனை பார்த்துக் கொடுங்க, மத்த நோய்க்கு எப்படிக் கொடுக்கிறோமோ அப்படி.

28/
கேள்வி இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிஞ்சு பதில் போடுறேன். திட்டணும்னாலும் திட்டுங்க, முழுசா படிச்சுட்டு. உங்க வீட்டுப் பிள்ளை மேப் ஏதாவது செஞ்சிருந்தா இன்னைக்கு ராத்திரி அஞ்சு நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து சுத்திக் காட்டச் சொல்லுங்க. எந்தச் சந்துல போனாலும் வழி தெரியாம முட்டிக்குவீங்க. சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.